விடுதி விருந்தினர் மூட்டிய தீயில் அப்பா இறந்தார்: இழப்பீட்டு வழக்கு குறித்து ஆலோசனை வேண்டும்

கேள்வி: மேட்டுக்காடு

வணக்கம். கோத்தகிரியை அடுத்த எங்கள் ஊரில், எங்கள் காரட் தோட்டத்துக்கு மேல்புறம் ஒரு சுற்றுலா விடுதி உள்ளது. சென்ற ஆண்டு பிப்ரவரியில், உறைபனியில் கருகிக் கிடந்த புல்லின் நடுவே, அங்குத் தங்கியவர்கள் இரவில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்தார்கள். அணைக்காமல் விட்ட கங்கு விடியற்காலைக் காற்றில் சரிவில் இறங்கி, எங்கள் விறகு அடுக்கையும் மாட்டுத் தொழுவத்தையும் வீட்டின் பின்பாதியையும் எரித்துவிட்டது. கன்றை அவிழ்க்கப் போன அப்பா (வயது 58) தீக்காயங்களுடன் கோவை மருத்துவமனையில் இருந்து, ஒன்பதாம் நாள் இறந்தார்.

காவல் நிலையத்தில் வழக்கு பதிவாகி 14 மாதங்கள் ஆகியும் விசாரணை தொடங்கவில்லை. விடுதி உரிமையாளர், “நெருப்பு மூட்டியது விருந்தினர், நான் இல்லை, அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது” என்கிறார். ஆயினும் மூன்று லட்சம் ரூபாய் தருவதாகவும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அம்மா முத்திரைத் தாளில் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்கிறார். குற்றவியல் வழக்கு முடியும்வரை பொறுத்திருக்கும்படி சித்தப்பா சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: உதகை வாசகர்

அந்தத் தாளில் இப்போது கையெழுத்திட வேண்டாம். மரணம், மருத்துவச் செலவு, வீடு, தொழுவம் ஆகிய அனைத்துக்குமான உரிமையை ஒரே வரியில் விட்டுக்கொடுப்பதாக அது அமைந்துவிடும்.

சித்தப்பாவின் யோசனை ஆபத்தானது. 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டப்படி தொடுக்கும் வழக்குக்கு, இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளே காலவரம்பு. சொத்து இழப்புக்கு 3 ஆண்டுகள் உண்டு. இரண்டுக்கும் ஒரே கெடு என்று எண்ணி மரணத்துக்கான கோரிக்கையைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு மீதமிருப்பது சுமார் 10 மாதங்கள். குற்றவியல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இழப்பீடு கேட்கும் உரிமையியல் (சிவில்) வழக்கிலோ எது அதிகம் நிகழ்ந்திருக்கக் கூடியது என்பதே அளவுகோல். ஆகவே ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

இழப்பீடு மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கே உரியது. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிருடன் இருந்தால் அவருக்கும் பங்குண்டு. உடன்பிறந்தவர் அந்தப் பட்டியலில் இல்லை என்பதைச் சித்தப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தொகையைக் கணக்கிட, வாகன விபத்து இழப்பீடு பற்றி உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டு வழங்கிய சரளா வர்மா தீர்ப்பின் பெருக்கல் முறையை நீதிமன்றங்கள் வழிகாட்டியாகக் கொள்வதுண்டு. 58 வயதுக்குப் பெருக்கி 9. மாத வருமானம் 15,000 ரூபாய் என்று காட்ட முடிந்தால், ஆண்டுக்கு 1,80,000. சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 1,20,000. அதை 9ஆல் பெருக்கினால் 10,80,000. மூன்று லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விருந்தினர் மூட்டினார் என்பது விடுதி உரிமையாளரை எளிதில் காப்பாற்றாது. விறகு யார் கொடுத்தது, நெருப்பு மூட்டும் இடத்தை யார் ஒதுக்கியது, அதற்குக் கட்டணம் வாங்கினாரா என்பவையே வாதமாகும். அந்த விருந்தினர்களின் பெயர் தெரிந்தால் அவர்களையும் பிரதிவாதிகளாகச் சேர்க்கலாம்.

பதில்: மலைக்காற்று

டெல்லி உப்கார் திரையரங்கத் தீ விபத்தில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (பொதுவாக அரசுத் தரப்புக்கு எதிராக நேரே போடும் மனு) போட்டுத்தானே இழப்பீடு பெற்றார்கள்? இவர்களும் நேரே சென்னைக்குப் போகலாமே.

பதில்: உதகை வாசகர்

அந்த வழக்கில் அரசுத் துறைகளும் மாநகராட்சியும் எதிர்த்தரப்பில் இருந்தன. 1997இல் 59 பேர் இறந்த அந்த விபத்தில் இறந்தவரின் வயதுக்கேற்ப டெல்லி உயர் நீதிமன்றம் வழங்கிய 18 லட்சத்தையும் 15 லட்சத்தையும் உச்ச நீதிமன்றம் 2011இல் முறையே 10 லட்சமாகவும் ஏழரை லட்சமாகவும் குறைத்துவிட்டது. இங்கே எதிர்த்தரப்பு தனிநபர். நடந்தது எப்படி என்பதிலேயே தகராறு. சாட்சி விசாரணை வேண்டிய இத்தகைய வழக்குக்கு உதகையிலுள்ள உரிமையியல் நீதிமன்றமே சரியான இடம்.

பதில்: குன்னூர் அம்மா

என் அண்ணன் தீக்காயத்தால் இறந்தபோதும் சர்க்கரை நோய்தான் காரணம் என்றார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் “தீக்காயத்தால் உண்டான இரத்தத் தொற்று” என்று எழுதியிருந்த ஒரு வரியே எங்கள் வழக்கைத் தாங்கியது. அந்த அறிக்கை, மருத்துவமனைப் பதிவுகள், தீயணைப்பு நிலையத்தின் அறிக்கை, சம்பவ இடத்தைப் பார்வையிட்டுக் காவல்துறை எழுதிய மகஜர் ஆகியவற்றின் நகல்களை வாங்கிவிடுங்கள். மருத்துவமனையில் நீதித்துறை நடுவர் யாரேனும் அப்பாவிடம் வாக்குமூலம் வாங்கினாரா?

மேட்டுக்காடு

நன்றி, அம்மா. ஆம், இரண்டாம் நாள் ஒரு நடுவர் வந்து அரை மணி நேரம் பேசினார். எங்களை வெளியே நிற்கச் சொன்னார். மேலிருந்து உருண்டு வந்த கங்கைத் தாம் பார்த்ததாக அப்பா அதற்கு முன் என்னிடமும் சொன்னார். அது குற்றவியல் வழக்குக்கு மட்டுமே உதவும் என்று நினைத்திருந்தேன்.

பதில்: உதகை வாசகர்

இல்லை. மரணத்தின் காரணம் கேள்விக்கு வரும் எந்த வழக்கிலும், உரிமையியல் வழக்கு உட்பட, மரண வாக்குமூலம் ஏற்கத்தக்க சாட்சியம். முன்பு சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவில் இருந்த இவ்விதி அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சட்டத்தின் 26ஆம் பிரிவிலும் தொடர்கிறது. அந்த வாக்குமூலத்தின் சான்றிட்ட நகலுக்கு உடனே மனுச் செய்யுங்கள். செலவைக் கண்டு தயங்க வேண்டாம்: 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார்; ஆகவே விண்ணப்பம் அம்மாவின் பெயரில் இருக்கட்டும். வீட்டுப் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றிதழையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

மேட்டுக்காடு

பட்டா தாத்தா பெயரில்தான் உள்ளது. திங்கட்கிழமை அம்மாவுடன் உதகைக்குச் செல்கிறேன். முத்திரைத் தாளைக் கையெழுத்திடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டோம்; கொடுக்கும் முன் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.