டியோடரண்ட் விளம்பரத்தில் குறும்பு எதுவரை போகலாம்?

நுரைக்குமிழி:
நானும் தோழியும் சேர்ந்து சின்ன அளவில் டியோடரண்ட் தயாரிக்கிறோம், முதல் விளம்பர வீடியோவுக்கு வசனம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவள் எழுதியது: 'நீங்கள் ஏறியதும் லிஃப்டில் இருப்பவர்கள் ஏன் அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுகிறார்கள்?' படித்ததும் சிரித்துவிட்டேன். ஆனால் அதிகம் வியர்க்கிற ஒருவர் இதைப் பார்த்தால் கூசிப்போய்விடுவாரே என்று உறுத்துகிறது. குறும்பும் வேண்டும், யாரையும் குத்தவும் கூடாது. என்ன செய்யலாம்?

மையூற்று:
குறும்பை விட்டுவிடாதீர்கள், கேலி யார் மேல் விழுகிறது என்பதை மட்டும் மாற்றுங்கள். 2010-இல் வந்த ஓல்ட் ஸ்பைஸ் விளம்பரத்தில் நடிகர் ஐசையா முஸ்தஃபா இடுப்பில் துண்டோடு நின்று நேராகப் பெண்களிடம் பேசுவார், ஏனென்றால் ஆண்களுக்கான பாடி வாஷைக் கடையில் எடுப்பது பல நேரம் அவர்கள்தான். பாத்ரூமில் ஆரம்பித்துப் படகுக்குப் போய்க் கடைசியில் குதிரை மேல் இருப்பார். இதைத் தேய்த்தால் நீ ஆணழகன் என்று அலட்டுகிற விளம்பரங்களைத்தான் அது கிண்டல் செய்தது. பார்க்கிறவரும் கூடவே சிரிக்க முடிந்தது.

வெயில்காலம்:
பாடிஃபார்ம் என்ற சானிட்டரி நாப்கின் பிராண்ட் 2012-இல் செய்ததையும் பாருங்கள். 'உங்கள் விளம்பரத்தில் மாதவிடாய் நாட்களில் பெண்கள் குதூகலமாகத் துள்ளுகிறார்களே, நிஜம் அப்படி இல்லையே' என்று ஃபேஸ்புக்கில் ஒருவர் கிண்டலாகப் புகார் எழுத, தலைமை அதிகாரியாக ஒரு நடிகையை உட்காரவைத்து 'ஆமாம், இவ்வளவு நாள் பொய்தான் சொன்னோம்' என்று பதில் வீடியோ போட்டார்கள். விளம்பரங்களில் ரத்தத்துக்குப் பதில் ஊற்றிக் காட்டும் அந்த நீலத் திரவத்தை அந்த அம்மா நிதானமாகக் குடிப்பார்! 2017-இல் அதே பிராண்ட் நீலத்தை விட்டுச் சிவப்பையே காட்டியது. எனக்கு அந்தத் துணிச்சல் ரொம்பப் பிடிக்கும்.

கறார்:
சிரிப்பு மட்டும் போதாது. டாலர் ஷேவ் கிளப்பின் 2012 வீடியோ முழுக்க அடாவடிதான், ஆனால் மலிவான பிளேடு மாதாமாதம் வீட்டுக்கே வரும் என்ற விஷயம் பார்த்தவர் மனதில் நின்றது. 2016-இல் யூனிலீவர் அந்த நிறுவனத்தையே வாங்கியது. அப்புறம், ஒரே ஜோக்கை ரொம்ப நாள் நம்ப முடியாது. ஸ்பிரே அடித்தால் பெண்கள் ஓடிவருவார்கள் என்று வருஷக்கணக்காகக் காட்டிய ஆக்ஸே 2016-இல் பாதையை மாற்றிக்கொண்டது.

மையூற்று:
இன்னொரு யோசனை. வியர்வைக்குப் பெரும்பாலும் வாசனையே கிடையாது, தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. அப்படியென்றால் வில்லன் பாக்டீரியாதானே? அக்குளில் வாடகை கொடுக்காமல் குடித்தனம் நடத்துகிறவர்களைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுங்கள்.

நுரைக்குமிழி:
இது அருமை! தோழிக்கு இப்போதே அனுப்புகிறேன். லிஃப்ட் வசனம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

கறார்:
நல்லது. ஆனால் அந்த நோட்டீஸில் 'வியர்வையே வராது' என்று எழுதிவிடாதீர்கள். வியர்வையைக் குறைப்பது அலுமினிய உப்பு சேர்த்த ஆன்டிபெர்ஸ்பிரண்ட், டியோடரண்ட் நாற்றத்தை மட்டும்தான் கவனிக்கும்.