புதுப்பிப்பு: காஜிப்பூர் குப்பைமலையும் எங்கள் போர் தண்ணீரும்

டெல்லி மயூர் விஹார் பேஸ் 3-இல் எங்கள் போர் தண்ணீரைப் பிடித்து வைத்தால் மஞ்சளாகிறது, குப்பைமலைக் கசிவுதானா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ரிப்போர்ட் வந்துவிட்டது. மஞ்சளுக்குக் காரணம் இரும்பு. குளோரைடு, குடிநீருக்கு ஏற்ற அளவான லிட்டருக்கு 250 மி.கி.-ஐத் தாண்டியிருக்கிறது; வேறு தண்ணீர் இல்லாதபோது அனுமதிக்கும் உச்ச வரம்பான 1000-ஐத் தொடவில்லை. குளோரைடை மண் பிடித்து வைக்காது, அதனால் கசிவுக்கு அது நல்ல துப்பு. ஆனால் சாக்கடையிலும் அது உண்டே! குப்பைக் கசிவில் நிறைய இருக்கும் அம்மோனியாவையும் பார்க்கச் சொன்னேன், லேப்காரர் மறந்துவிட்டாராம்.

1984-இல் தொடங்கிய மலை, கசிவு மண்ணில் இறங்காமல் தடுக்கும் விரிப்பு அடியில் கிடையாது. நிலத்தடி நீர் மலையை அடையுமுன் ஒரு போர், தாண்டியபின் ஒரு போர், இரண்டையும் ஒப்பிட்டால்தான் பிடி கிடைக்கும். மலைக்கு அந்தப் பக்கம் போர் வைத்திருப்பவர்கள் ஒரு பாட்டில் தண்ணீர் தருவீர்களா? டெஸ்ட் செலவு என்னுடையது.