ஃபிராங்க்லினுக்குக் கொடுத்த ஒன்பது வருஷம்: லாபமா, நாமமா?

கணக்குப்பிள்ளை:
நேற்று ஒரு புண்ணியவான் இங்கே எழுதியிருந்தார்: "லான்ஸ் ஃபிராங்க்லினுக்கு சிட்னி ஸ்வான்ஸ் அணி 2014 முதல் ஒன்பது வருஷ ஒப்பந்தத்தில் கொடுத்த சுமார் 1 கோடி டாலர், ஆஸ்திரேலிய ஃபுட்டியிலேயே (ஆஸ்திரேலியக் கால்பந்து) லாபமான பேரம். ஒன்பது வருஷமும் உழைத்துக் கொடுத்தார்." படித்ததும் காபி புரையேறிவிட்டது. ஒன்பதாம்! 2020-இல் எத்தனை ஆட்டம் ஆடினார்? ஒன்றுகூட இல்லை. எட்டு என்று எழுதுங்கள்.

சிவப்பு வெள்ளை:
அந்தப் புண்ணியவான் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். முழங்காலில் அறுவை, அப்புறம் தொடைத்தசைக் காயம். கொரோனாவால் அந்தப் பருவத்தில் அணிக்கு 17 ஆட்டம்தான். சிட்னிக்காக 172 ஆட்டம், 486 கோல். 2014, 2017 இரண்டிலும் அதிக கோல் போட்டவருக்கான கோல்மன் பதக்கம். 2023-இல் பத்தாவது வருஷமும் வந்து ஆடினாரே, அது கண்ணில் படாதா?

கணக்குப்பிள்ளை:
2023 தனி ஒப்பந்தம். நான் கேட்டது 2020.

பழுப்புத்தங்கம்:
பட்டியின் (Buddy, ஃபிராங்க்லினின் செல்லப்பெயர்) நல்ல காலமெல்லாம் அவர் முன்பு ஆடிய எங்கள் ஹாதார்ன் அணியிலேயே முடிந்துவிட்டது. 182 ஆட்டத்தில் 580 கோல். 2008-இல் மட்டும் 113. அந்த வருஷமும் 2013-இலும் கோப்பை. சிட்னியில்? 2014, 2016, 2022 என மூன்று இறுதி ஆட்டம், மூன்றிலும் தோல்வி. 2014-இல் 63 புள்ளி வித்தியாசத்தில் உங்களை அடித்து அனுப்பியதே நாங்கள்தான். அவர் இல்லாமலே 2015-இலும் கோப்பை எடுத்தோம்.

சிவப்பு வெள்ளை:
அந்த 2014 ஆட்டத்தில் உங்கள் மூக்குக்கு நேரே நாலு கோல் போட்டார். மற்றவர்கள் தூங்கினால் அவர் என்ன செய்வார்? விட்டுக்கொடுத்த வயிற்றெரிச்சல் பத்து வருஷமாகியும் அடங்கவில்லை.

பராமட்டா பேரன்:
அண்ணைமார், முதலில் லாபம் என்றால் என்னவென்று முடிவு செய்யுங்கோவன். கோப்பையா, கூட்டமா? 2022 மார்ச் 25 இரவு ஆயிரமாவது கோல் விழுந்ததும் சிட்னி கிரிக்கெட் மைதானத்துக்குள் ஆயிரக்கணக்கில் சனம் பாய்ந்தது. அரை மணிக்கு மேல் ஆட்டம் நின்றது. நானும் வேலி தாண்டினேன், ஒரு செருப்பு போய்விட்டது. ரக்பி ஊரில் அப்படி ஓர் இரவுக்கு என்ன விலை போடுவீர்கள்?

கணக்குப்பிள்ளை:
செருப்புக்கு அனுதாபம். 2020?

தமிழாசிரியர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அவருடைய செல்லப்பெயரை 'பட்டி' என்று எழுதினால் மாட்டுப்பட்டி ஞாபகம் வருகிறது. மலையாளத்தில் அதற்குப் பொருள் நாய். 'படி' என்று எழுதலாமே.

பழுப்புத்தங்கம்:
படி என்றால் அரிசி அளக்கிற படியா, மாடிப் படியா? 1066 கோல் போட்டவரை இப்படியா அவமானப்படுத்துவது?

தமிழாசிரியர்:
நாய் என்றால் மட்டும் மரியாதையா, சார்?

கணக்குப்பிள்ளை:
2020-க்குப் பதில் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன். 2015-இலும் பருவக் கடைசி ஆட்டங்களில் ஆளைக் காணோம்.

சிவப்பு வெள்ளை:
மனநலத்துக்காக விலகினார். அதை ஊரறியச் சொல்லிவிட்டே விலகினார். அதையும் உங்கள் நோட்டில் 'ஆப்சென்ட்' என்று போடுவீர்களா? கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

கணக்குப்பிள்ளை:
பேச்சை மாற்றுவதில் கெட்டிக்காரர். சரி, 2015 வேண்டாம். 2020 சொல்லுங்கள். ஒன்பதில் ஒன்று போனால் எத்தனை? மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.

பராமட்டா பேரன்:
லாபம் என்றால் என்ன என்று கேட்டிருந்தேன்...

சிவப்பு வெள்ளை:
கணக்கைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்கள்! போன வருஷ டிப்பிங் போட்டியில் (எந்த அணி ஜெயிக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துச் சொல்கிற போட்டி) எனக்கு வரவேண்டிய இருபது டாலர் எந்தக் கணக்கில் போனது? பணம் வைத்திருந்தது யார்?

கணக்குப்பிள்ளை:
கடைசிச் சுற்றுக்கு முதல் ஆட்டம் தொடங்கிய பிறகு டிப் அனுப்பினீர்கள். செல்லாது என்று அன்றைக்கே சொன்னேன்.

சிவப்பு வெள்ளை:
நாலே நிமிஷம் தாமதம்!

கணக்குப்பிள்ளை:
ஆடாத வருஷத்துக்குச் சம்பளம், போடாத டிப்புக்குப் பரிசு. சிட்னிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே கொள்கைதான் போல. போன வருஷத்து ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது, இரவு போடுகிறேன். அதற்குள் 2020-க்குப் பதில் எழுதி வையுங்கள்.

பழுப்புத்தங்கம்:
அப்போ பட்டியா, படியா?