டேங்கின் அடியில் தங்கிய தண்ணீர்: புல் வெட்டும் மிஷின் அனுபவங்கள்

காவேரிப்பட்டணத்திலிருந்து:

மழைக்காலத்தில் பெட்ரோலில் ஓடும் புல் வெட்டும் மிஷின் நின்றுபோனால் நாம் எல்லோரும் முதலில் ஸ்பார்க் பிளக்கைத்தான் கழற்றுகிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், இரண்டு நாள் வீணாகப் போனது. வேறு யாருக்காவது அந்த இரண்டு நாள் மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் புல்தரையை நான்கு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் மழை. புல் கணுக்காலுக்கு மேல் வளர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் புல்தரையில்தான் வரவேற்பு, நாற்காலி போட வேண்டும். வியாழக்கிழமை காலையில் மிஷினை எடுத்துக் கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் ஓடியது. பத்து எண்ணுவதற்குள் விக்கி விக்கி நின்றுவிட்டது. சோக் (காற்றைக் குறைக்கும் அடைப்பு) போட்டால் திணறித் திணறி ஓடும், சோக்கை எடுத்தால் நின்றுவிடும். புது பிளக் போட்டேன், ஏர் பில்டரைக் கழுவிக் காயவைத்தேன், கார்பரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை ஊதினேன். பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு மறுபடி அதே விக்கல். சுத்தம் செய்த பிறகும் ஏன் திரும்ப வருகிறது என்று புரியவே இல்லை.

சனிக்கிழமை காலை பம்ப்செட் வேலை பார்க்கும் ஒரு அண்ணனைக் கூட்டி வந்தேன். அவர் மிஷினை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. "கார்பரேட்டரைக் கழட்டாத தம்பி. ஒரு கண்ணாடி டம்ளர் கொண்டா" என்றார். பெட்ரோல் குழாயை இடுக்கியால் பிடித்துக்கொண்டு, கார்பரேட்டர் கிண்ணத்தின் அடிப் போல்ட்டை 10ஆம் நம்பர் ஸ்பேனரால் தளர்த்தினார். கிண்ணத்தில் இருந்தது டம்ளரில் இறங்கியது. டம்ளரை வெயிலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். மேலே வெளிர் மஞ்சளாகப் பெட்ரோல், அடியில் சேப்பங்கிழங்கு இலையில் உருளுகிற மாதிரி தண்ணீர் மணிகள். டம்ளரைச் சாய்த்தால் மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாயின, பெட்ரோலோடு கலக்கவில்லை.

"இது கிண்ணத்துல இருக்கிறது. டேங்க்ல எவ்வளவு இருக்குன்னு பார்க்கலாம் வா."

பெரிய ஊசிக்குழலில் டியூப் மாட்டி டேங்கின் அடியிலிருந்து உறிஞ்சினோம். அரை டம்ளருக்கு மேல் தண்ணீர் வந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ சுமார்தான் இருக்கும், தண்ணீர் ஒரு கிலோ. அதனால் தண்ணீர் அடிக்குப் போய்விடும். டேங்கிலிருந்து குழாய் கிளம்புவதும் அடியிலிருந்துதான். ஜெட்டை எத்தனை முறை ஊதினாலும் கிண்ணத்துக்கு முதலில் வருவது அந்தத் தண்ணீர்தான். நான் இரண்டு நாள் சுத்தம் செய்தது தண்ணீர் வந்து சேரும் இடத்தை. அது கிளம்பும் இடம் அப்படியே இருந்தது.

டேங்க், குழாய், பில்டர், கிண்ணம் எல்லாவற்றையும் காலி செய்தோம். கிண்ணத்தின் உள்ளே சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளையாக அரித்திருந்தது. மெயின் ஜெட் துளையை ஊசியால் குத்த அண்ணன் விடவில்லை. துளை பெரிதானால் பெட்ரோல் அளவே மாறிவிடுமாம். பழைய கரன்ட் ஒயரை உரித்து, ஒரே ஒரு செம்பு இழையைத் துளைக்குள் விட்டு அடைப்பை எடுத்தார். மிஷினைச் சாய்க்கும்போது பிளக் வயரைப் பிடுங்கி வைத்து, பிளக் இருக்கும் முனை மேலே வரும்படி தூக்கச் சொன்னார். மாற்றிச் சாய்த்தால் இன்ஜின் ஆயில் ஏர் பில்டருக்குள் இறங்கிவிடும். ஆயில் குச்சியையும் எடுத்துப் பார்த்தார். பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஆயிலிலும் கலந்திருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும். என் மிஷினில் ஆயில் நிறம் மாறவில்லை.

சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? வெட்டி முடித்ததும் மிஷினை ஹோஸ் பிடித்துக் கழுவுவது என் வழக்கம். டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு, அடியில் ரப்பர் வாஷர் இருக்கும். என் மூடியின் வாஷர் வெடித்துக் கிடந்தது. நான்தான் வாராவாரம் டேங்குக்குள் தண்ணீர் விட்டிருக்கிறேன். இப்போது ஹோஸ் பிடிப்பதே இல்லை. பிரஷால் புல்லைத் தள்ளி ஈரத் துணியால் துடைக்கிறேன்.

தளியிலிருந்து:

எங்கள் ஊர்க் குளிரில் இது வேறு மாதிரி வரும். களை எடுக்கும் பவர் வீடர் முந்தைய நாள் மதியம் குறையில்லாமல் ஓடியது, மறுநாள் விடியற்காலையில் கிளம்பவே இல்லை. டேங்கில் ஒரு சொட்டு மழை விழவில்லை, நிச்சயமாகத் தெரியும். காரணம் பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால். 2023 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கிவைத்த 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இப்போது எல்லாப் பெட்ரோல் பங்கிலும் வந்துவிட்டது. எத்தனால் தண்ணீரை இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் என்றால் கரைந்தே போகும், இன்ஜினும் சத்தமில்லாமல் எரித்துவிடும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். வெயிலில் கரைந்திருந்தது இரவுக் குளிரில் பிரியும். என் கேன் மூன்று மாதமாகப் பாதிதான் இருந்தது, மூடியும் சரியாக இறுகாது. அத்தனை நாள் ஈரக்காற்று உள்ளே போய் வந்திருக்கிறது.

அப்படிப் பிரிந்த பெட்ரோலைக் குலுக்கிக் கலந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், நான் முயன்று பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் மறுபடி பிரிந்து நிற்கிறது. தண்ணீரைக் கரைக்க ஸ்பிரிட் ஊற்று என்று சிலர் சொல்லும் யோசனையும் சில சொட்டுத் தண்ணீருக்குத்தான் சரி. கண்ணுக்குக் கோடு தெரிகிற அளவு தேங்கிவிட்டால் முழுக்க வடித்துவிட வேண்டியதுதான். இப்போதெல்லாம் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறேன். ஒரு மாதத்துக்கு மேல் வேலை இல்லை என்றால் டேங்கையும் கிண்ணத்தையும் காலி செய்துவிட்டுத்தான் மூலையில் நிறுத்துகிறேன்.

பாலக்கோட்டிலிருந்து:

மேலே இரண்டு பேருக்கும் மிஷின் தப்பித்தது. எனக்குத் தப்பவில்லை. மாந்தோப்பில் புல் வெட்ட பிரஷ் கட்டர் வைத்திருக்கிறேன், டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுவது, லிட்டருக்கு 20 மில்லி. அதன் பில்டர் டேங்கின் அடியில்தான் கிடக்கும். அடியில் தேங்கிய தண்ணீரில் ஆயில் இருக்காது, ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். ஆயில் தனியாக இருக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்கில் தண்ணீர் போனால் பெரும்பாலும் நின்றுதான் போகும். டூ ஸ்ட்ரோக்கில் எத்தனால் கலந்த அந்த அடித்தண்ணீரில் இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடவும் செய்யும், ஆனால் பிஸ்டனுக்கு எண்ணெய் கிடைக்காது. விக்கியதை மதிக்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்தி அழுத்தி ஓட்டினேன். கீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் கயிறு அசையவில்லை. கழற்றிப் பார்த்தால் பிஸ்டனில் மேலிருந்து கீழ்வரை கீறல். பிஸ்டன், ரிங், சிலிண்டர் மூன்றும் மாற்ற வேண்டியதாயிற்று.

தண்ணீர் வந்தது எங்கள் வீட்டிலிருந்தே. கேன் அழுக்காக இருக்கிறது என்று அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். ஈரம் காயும் முன் நான் பங்குக்கு எடுத்துப் போய்விட்டேன். அம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை, உள்ளே விரல் விட்டுப் பார்க்காதது என் தப்பு. கைப்பிடிக்குள்ளும் அடி விளிம்பிலும் நிற்கிற தண்ணீர் ஒரு நாள் வெயிலில் காயாது. கட்டர் விக்கினால் உடனே நிறுத்திவிடுங்கள், அதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பென்னாகரத்திலிருந்து:

பங்கு பற்றி ஒரு வார்த்தை. பெருமழைக்கு மறுநாள் சந்தேகம் வந்தால் கேளுங்கள், அளவு கோலில் ஒரு பசையைத் தடவித் தரைக்கடி டேங்கில் இறக்கிக் காட்டுவார்கள். தண்ணீர் இருக்கும் உயரம் வரை பசையின் நிறம் மாறும். கேட்பதில் கூச்சம் வேண்டாம். வடித்த பெட்ரோலைச் சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ கொட்டாதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் ஆழ்துளைக் கிணற்றின் பக்கத்திலேயே ஊற்றிவிட்டார், பல நாள் அந்தத் தண்ணீரில் வாடை போகவில்லை. மூடி இறுகும் கேனில் நிழலில் வைத்திருந்து மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து, மறுபடியும்:

பாலக்கோட்டு அண்ணன் எழுதியதைப் படித்ததும் எழுந்து போய் என் கேனுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் இரண்டு மணிகள் உருண்டன. டேங்கை மட்டும் சுத்தம் செய்துவிட்டு அதே கேனிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். இன்றைக்கே வடித்துவிட்டு, கேனைக் கவிழ்த்து வெயிலில் வைத்திருக்கிறேன். வாஷர் வாங்கப் போகும்போது கேன் மூடிக்கும் சேர்த்து ஒன்று வாங்க வேண்டும்.