சின்ன சொகுசுக் கப்பல்கள்: சாப்பாடு, கவனிப்பு, அளவு

சொகுசுக் கப்பல் பயணத்துக்கு எந்தக் கம்பெனி, சில்வர்சீயா, சீபோர்னா, ரீஜன்ட்டா என்று குழம்புகிறவர்களுக்கு: கம்பெனிப் பெயரைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கப்பலில் எத்தனை பேர் பயணம் செய்வார்கள் என்று முதலில் பாருங்கள். சில்வர்சீ 1994-இல் தொழிலுக்கு வந்தபோது விட்ட சில்வர் கிளவுட் கப்பலில் 296 பேருக்கு இடம். 2023-இல் அவர்களே இறக்கிய சில்வர் நோவாவில் 728 பேர். பெயர் ஒன்றுதான், ஆனால் இரண்டிலும் நடக்கும் பயணம் ஒன்றல்ல.

நான் போனவற்றில் ஆகச் சிறியது சீட்ரீம் கம்பெனியின் கப்பல். ஒரு கப்பலில் 112 பயணிகள், கிட்டத்தட்ட 95 ஊழியர்கள். 1984, 85-இல் சீ காடஸ் என்ற பெயரில் கட்டிய பழைய கப்பல்கள்தான். அறைகளுக்குப் பால்கனியே கிடையாது. ஆனால் வானிலை சரியாக இருந்தால் மேல்தளத்தில், திறந்த வெளியில்தான் சாப்பாடு. ஒரு மதியம் தட்டில் காளானை ஒதுக்கி வைத்தேன். ராத்திரி என் தட்டில் காளான் வரவில்லை. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. நூறு பேருக்குச் சமைக்கும் அடுக்களையில்தான் இது நடக்கும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு தகவல்: சமைக்காத தாவர உணவுகளுக்கென்றே அங்கே தனி மெனு உண்டு.

சீபோர்ன் அடுத்த அளவு. ஒடிசி வகைக் கப்பல்களில் சுமார் 450 பேர், என்கோர், ஓவேஷன் இரண்டிலும் 600. இடுப்பளவு கடல் நீரில் சீருடையோடு நின்றுகொண்டு கேவியரும் (மீன் முட்டை) ஷாம்பெயினும் பரிமாறுவார்கள், படத்தில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அது கொஞ்சம் கூத்தாகப் பட்டது, கூட வந்தவர்களுக்கோ அதுதான் பயணத்தின் உச்சம். பேர்போன அமெரிக்கச் சமையல்காரர் தாமஸ் கெல்லரோடு இருந்த ஒப்பந்தம் 2024-இல் முடிந்து, அவர் உணவகம் இருந்த இடத்தில் சோலிஸ் என்ற மத்தியதரைக்கடல் உணவகம் வந்துவிட்டது. பழைய விமர்சனங்களைப் படித்துவிட்டுக் கெல்லரைத் தேடிப் போகாதீர்கள்.

ரீஜன்ட்டின் பெரிய கப்பல்களில் 750 பேர் வரை. பிரைம் செவன், ஷார்ட்ரூஸ் போன்ற உணவகங்களுக்குத் தனிக் கட்டணம் இல்லை, கரையில் சுற்றிப் பார்ப்பதில் பெரும்பகுதியும் டிக்கெட்டிலேயே அடக்கம். சில்வர்சீயில் லா டேம் உணவகத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். ஆனால் அவர்களுடைய புதுக் கப்பல்களில் உள்ள சால்ட் அடுக்களை என்ற உணவகம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கப்பல் எந்தப் பகுதியில் போகிறதோ அந்தப் பகுதிச் சமையல்தான் அன்றைய மெனு.

பட்லர், அதாவது அறையில் நம்மைக் கவனிக்கும் பணியாள் விஷயம்: சில்வர்சீயில் எல்லா அறைக்கும் உண்டு, ரீஜன்ட்டில் உயர்வகை சூட்களுக்கு (விலை கூடிய பெரிய அறைகளுக்கு) மட்டும். அதற்காக யாரும் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கட்சி. ஷூ பாலிஷ், பெட்டி பிரித்து அடுக்குவது, இது இரண்டும் முடிந்ததும் அவரிடம் என்ன கேட்பது என்று நமக்கே தெரியாது.

*

ஒரு கப்பலில் எத்தனை உணவகம் என்ற எண்ணிக்கையை மட்டும் நம்பிப் போக வேண்டாம். பெயர் வேண்டாம், ஒரு கப்பலில் ஏழெட்டு உணவகம் இருந்தும், ஏறிய அன்றே நல்ல நேரமெல்லாம் நிரம்பியிருந்தது. ஒன்பதரை மணிக்கு வேண்டுமானால் வாருங்கள் என்றார்கள். உயர்வகை சூட் எடுத்தவர்களுக்கு முன்பதிவு முன்கூட்டியே திறந்துவிடுகிறதாம். சொகுசுக்குள்ளும் வகுப்பு உண்டு.

அளவைப் பற்றி இன்னொன்று, நீங்கள் எந்தக் கரையில் இறங்குவீர்கள் என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது. வெனிஸில் 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னேஜுக்கு (கப்பலின் கொள்ளளவுக் கணக்கு) மேலோ, 180 மீட்டர் நீளத்துக்கு மேலோ உள்ள கப்பல்கள் ஜூடெக்கா கால்வாய்க்குள் வர முடியாது. ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டல் கம்பெனியின் எவ்ரிமா கப்பலில் 298 பேர்தான், ஆனால் அதன் நீளம் 190 மீட்டர், அதனால் அதற்கும் அங்கே வழியில்லை! கிரீஸின் கொரிந்து கால்வாய் இதைவிடக் குறுகல். 6 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட நீளம், அகலம் 25 மீட்டர்கூட இல்லை. இழுவைப் படகு முன்னால் போக, இரண்டு பக்கமும் பாறைச் சுவர் நெருங்கி வரும். அந்த நேரத்தில் கப்பலில் யாரும் சாப்பாட்டைப் பற்றி நினைக்கவில்லை.

*

விண்ட்ஸ்டார் என்ற கம்பெனியையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய ஸ்டார் பிரீஸ், ஸ்டார் லெஜண்ட், ஸ்டார் பிரைட் கப்பல்கள் மூன்றையும் நடுவில் வெட்டி, 25 மீட்டர் துண்டு ஒன்றைச் சேர்த்து நீட்டினார்கள். 212 பேர் போன கப்பலில் இப்போது 312 பேர், கூடவே புது உணவகங்களும். பழைய வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு நல்ல மாற்றமாகத்தான் பட்டது, ஒரே சாப்பாட்டுக் கூடம் நாலாம் நாளே அலுத்துவிடும். அடிப்படைக் கட்டணத்தில் மது அடக்கமில்லை என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

கடலில் நோபு (பேர்போன ஜப்பானிய உணவகம்) சாப்பாடு வேண்டும் என்றால் கிரிஸ்டல் கம்பெனி. 2022-இல் தாய்க் கம்பெனி திவாலாகி நின்றுபோய், வேறு கைக்கு மாறி 2023-இல் திரும்பி வந்தது. பழைய ஊழியர்கள் பலர் திரும்பி வந்ததால் கவனிப்பில் தடுமாற்றமே தெரியவில்லை.

கப்பல் ஆட்டத்தில் குமட்டல் வருகிறவர்கள் 300 பேருக்குக் குறைந்த கப்பலில் போனால் கீழ்த்தளத்தில், நடுவில் உள்ள அறையாகப் பார்த்து எடுங்கள். கப்பலின் மூக்குப் பகுதியில், அதாவது முன்முனையில், அறை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.