72 வயதில் அயோர்டிக் வால்வு மாற்றம்: சிறு கீறலா, தொடை வழியா?

குடியாத்தம் மகன்:
அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 72. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. சென்ற மாதம் மயங்கியும் விழுந்தார். எக்கோ (இதயத்தின் ஒலியலைப் பரிசோதனை) எடுத்துப் பார்த்த மருத்துவர், இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வாயிலிலுள்ள அயோர்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கிவிட்டதால் மாற்றியே ஆக வேண்டும் என்கிறார். நெஞ்செலும்பை முழுவதும் பிளக்காமலே செய்யலாம் என்று உறவினர்கள் கூறுகின்றனர். சிலர் சிறு கீறல் என்கின்றனர், சிலர் தொடை வழியாக என்கின்றனர். இரண்டும் ஒன்றுதானா?

காட்பாடி செவிலியர் (ஓய்வு):
தம்பி, இரண்டும் வேறு. சிறு கீறல் முறையில் வலப்பக்க விலா எலும்புகளுக்கிடையே, அல்லது நெஞ்செலும்பின் மேற்பகுதியை மட்டும் திறந்து, உள்ளே செல்வார்கள். ஆனால் இதய நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, இதயத்தை நிறுத்தி, பழைய வால்வை வெட்டியெடுத்துப் புதியதைத் தைப்பது வழக்கமான அறுவையில் உள்ளதுபோலத்தான். வெளிக்காயம் சிறிது என்பதால் உள்வேலையும் சிறிது என்று எண்ணிவிட வேண்டாம்.

தொடை வழி முறையை டாவி என்பார்கள். 2002-இல் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே முதன்முதலில் மனிதருக்குச் செய்தார். சுருக்கி மடித்த திசு வால்வை (விலங்குத் திசுவால் செய்தது) தொடைத் தமனி வழியே குழாயில் கொண்டுசென்று, பழைய வால்வை அகற்றாமல் ஓரமாக ஒதுக்கி, அதற்குள்ளேயே விரிப்பார்கள். இதயத்தை நிறுத்துவதில்லை. ஆயினும் வால்வின் விலையே பல லட்சம். சிலருக்குப் பின்னர் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படுவதும் உண்டு. வால்வின் அளவையும் கால் தமனியின் அகலத்தையும் சி.டி. ஸ்கேனில் அளந்த பிறகே யாருக்கு இயலும் என்று உறுதியாகச் சொல்ல முடியும். அம்மாவின் வயதில் இரண்டுக்குமே இடமுண்டு. ஆகவே இதய மருத்துவர், அறுவை மருத்துவர் இருவரிடமும் சேர்ந்தே கருத்துக் கேளுங்கள். மயக்கம் வந்துவிட்ட நிலையில் நாள் கடத்துவது ஆபத்து.

ஆற்காடு வாசகர்:
என் தம்பிக்குச் சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் மைட்ரல் என்னும் இன்னொரு இதய வால்வு கெட்டு, சிறு கீறலில் உலோக வால்வு பொருத்தினார்கள். காயம் விரைவில் ஆறியது. ஆனால் வாழ்நாள் முழுவதும் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரையும், உறைய எடுக்கும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனையும் உண்டு. மாத்திரையின் வேலை மாறிவிடும் என்பதால் கீரையைக்கூட ஒருநாள் மிகுதியாகவும் ஒருநாள் இல்லாமலும் உண்ணக் கூடாது. அம்மாவின் வயதுக்குப் பெரும்பாலும் திசு வால்வையே வைப்பார்கள் என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

குடியாத்தம் மகன்:
மிக்க நன்றி அம்மா, நன்றி ஐயா. சி.டி. ஸ்கேனுக்கு முன் வேறு ஏதேனும் பார்க்க வேண்டுமா?

காட்பாடி செவிலியர் (ஓய்வு):
சிறுநீரகப் பரிசோதனை அவசியம், ஸ்கேனுக்குச் செலுத்தும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். பல் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். சொத்தைப் பல்லிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமி புதிய வால்வில் தங்கினால் அது உயிருக்கே ஆபத்து.