வில்லின் சேதத்துக்கு வலிமையா, லாவகமா? விதி அமைக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குழு, பகடை உருட்டிப் பாத்திரங்களாக நடித்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை ஆடிவருகிறது. அதில் நெடுவில்லுக்கு, குறி தாக்குவதற்கும் சேதத்துக்கும் லாவகம் (Dexterity) என்ற பண்புக்கான போனஸே, வலிமைக்கானது (Strength) அல்ல, பகடை எண்ணோடு சேர்வதால், வாளைத் தூக்கவே திணறும் பாத்திரம்கூட மிகக் கொடிய வில்லாளியாகிவிடுகிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட போர்விற்களில் பலவற்றை முழுமையாக இழுக்க 100 பவுண்டுக்கும் மேற்பட்ட விசை வேண்டும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். முதுகும் தோளும் உரமேறாத ஒருவரால் அவற்றை வளைக்கவே இயலாது.

இதே ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பில் வில்லுக்கு லாவகம் குறி தாக்க மட்டுமே உதவியது. வலிமைக்கேற்பச் செய்யப்பட்ட கலப்பு வில்லில்தான் (பல பொருள்களை ஒட்டிச் செய்யும் composite bow), அந்த வில்லின் வரம்பு வரை, வலிமை போனஸ் சேதத்தில் சேர்ந்தது. இதைப் போன்ற இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்போ கலப்பு வில்லுக்கு வலிமை போனஸில் பாதியைத் தருகிறது.

மூன்றாம் பதிப்பின் முறையை எங்கள் ஆட்டத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஆனால் லாவகம் +4, வலிமை 0 உள்ள எங்கள் வில்லாளியின் சராசரிச் சேதம், எட்டு முகப் பகடையில், 8.5-இலிருந்து 4.5-ஆகச் சரிகிறது. வலிமை +4 உள்ள பெருவாள் வீரருக்கோ அது 11-ஆகவே நிற்கிறது. தூரத்தில் நிற்கும் பாதுகாப்பு இந்த இழப்பை ஈடுகட்டுமா என்பதே என் கவலை.

இத்தகைய மாற்றத்தை ஆடிப் பார்த்தவர்கள், முழு வலிமை போனஸா அல்லது பாதியா, எது சமநிலையைக் காத்தது என்று விளக்க வேண்டுகிறேன். எதிரிகளின் விற்களுக்கும் இதே விதியைப் பொருத்தினீர்களா என்பதையும் தெரிவியுங்கள்.